ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள்

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. ஓரம் நைந்து, நாடா போட்டுக் கட்டிய அட்டைக் கோப்பு. உள்ளே இருப்பவை எல்லாம் செய்தித்தாளிலிருந்து வெட்டி எடுத்த பொது அறிவிப்புகள். ஒரு மின் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட்டிருக்கிறது, மனுவின் நகல் இன்ன அலுவலகத்தில் இன்ன விலைக்குக் கிடைக்கும், பொதுமக்கள் தங்கள் கருத்தை இன்ன தேதிக்குள் எழுதி அனுப்பலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எனக்கு எழுபத்திரண்டு வயது. மயிலாடுதுறையில் பிறந்து, கல்யாணமாகி 1976-ல் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள டோம்பிவ்லிக்கு வந்தவள். ஒரு சாயப்பொருள் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு எழுதினேன். அறிவிப்பு எதுவானாலும் அதன் கடைசி வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்: ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள்.

இந்த வரி சட்டத்தில் வெகுகாலமாக இருந்தது. அதற்கு உயிர் வந்தது பிற்பாடுதான். கொங்கணக் கடற்கரையில் ஓர் எரிவாயு மின் நிலையம் அனுமதி கேட்டது. கேட்ட வேகத்தில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு மாநிலமே விலை கொடுத்தது. தாபோல் என்று எல்லோரும் சொல்லும் அந்த நிலையத்தின் கதையை, என் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாபோல் பழைய துறைமுகம். வாசிஷ்டி நதி கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில் இருக்கிறது. பாமினி சுல்தான்கள் காலத்திலும் பீஜப்பூர் காலத்திலும் அங்கிருந்து அரபு நாடுகளுக்குக் கப்பல் போனது. 1508 டிசம்பர் கடைசியில் போர்ச்சுக்கீசிய வைஸ்ராய் அல்மெய்தாவின் கப்பற்படை அந்த ஊரைக் கொள்ளையடித்து எரித்தது. மின் நிலையம் இருப்பது தாபோலில் அல்ல. நதியின் தென்கரையில், ரத்னகிரி மாவட்டம் குஹாகர் வட்டத்தில், அஞ்சன்வேல் கிராமத்து மேட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே கோபால்கட் என்ற கோட்டை. கீழே வேல்தூர் மீனவர் குடியிருப்பு. சுற்றிலும் மாமரங்கள், முந்திரி. எதிர்க்கரை ஊரின் பெயர் நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டு, உலகம் முழுக்கப் பரவியது.

அனுமதி என்பது மின்சாரத்தோடு கூடப் பிறந்த சமாசாரம். 1910-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊருக்கு மின்சாரம் கொடுக்கிறவர் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் மின்வழங்கல் சட்டம் வந்தது. மாநிலத்துக்கு ஒரு மின்வாரியம், எல்லாவற்றுக்கும் மேலே மத்திய மின்சார ஆணையம் என்று ஏற்பாடு. பெரிய நிலையம் எதுவானாலும் திட்டத்தை அந்த ஆணையத்தின் முன் வைத்துத் தொழில்நுட்ப, பொருளாதார ஒப்புதல் பெற வேண்டும். அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு இன்னொன்றும் சொன்னது. திட்டத்தை அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும், ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு இரண்டு மாதமாவது தர வேண்டும். ஆக, 1948-லேயே கதவு வைத்திருந்தார்கள். அந்தக் கதவை யாரும் அதிகம் தட்டியதில்லை, அவ்வளவுதான். நிலையம் கட்டுவது வாரியம், வாங்குவது வாரியம், விலை சொல்வது வாரியம். வீட்டுக்குச் சீட்டு வரும், கட்டுவோம். கேள்வி கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருப்பது எனக்கும் அப்போது தெரியாது.

1991-ல் நாட்டின் கஜானா வற்றியது. தங்கத்தை அடகு வைத்த வருஷம் அது. மின்வாரியங்களிடமும் பணம் இல்லை. தனியாரும் வெளிநாட்டாரும் மின் நிலையம் கட்டலாம் என்று அரசு கதவைத் திறந்தது. போட்ட முதலுக்கு 16 விழுக்காடு ஆதாயம் கிடைக்க வழி செய்தது. நிலையம் 68.5 விழுக்காடு அளவுக்கு ஓடினாலே அந்த ஆதாயம் உண்டு, அதற்கு மேல் ஓடினால் கூடுதல். 1992 மே மாதம் மத்திய அரசின் உயர் அதிகாரிகள் குழு முதலீடு தேடி அமெரிக்காவுக்குப் போனது. ஜூன் மாதம் ஹூஸ்டனிலிருந்து என்ரான் நிறுவனத்தார் வந்தார்கள். வந்த சில நாட்களுக்குள், 1992 ஜூன் 20 அன்று, மகாராஷ்டிர மாநில மின்வாரியத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. போட்டி டெண்டர் கிடையாது. என்ரானுக்கு 80 பங்கு, ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு 10, பெக்டலுக்கு 10 என்று தாபோல் மின் நிறுவனம் உருவானது.

எரிவாயு நிலையம் கெட்ட யோசனை அல்ல. நிலக்கரியைப் போல் சாம்பல் மலை குவியாது, கட்டி முடிக்கக் காலமும் குறைவு. வாயுவை எரித்து ஒரு சுழலியை ஓட்டி, அது விடும் சூட்டில் நீராவி பிடித்து இன்னொரு சுழலியை ஓட்டுவார்கள். ஒரே எரிபொருளில் இரட்டை வேலை. ஆனால் அஞ்சன்வேலுக்கு வர வேண்டியது உள்நாட்டு வாயு அல்ல. வளைகுடா நாட்டில் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, இங்கே மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விட வேண்டும். கப்பல், துறை, தொட்டி எல்லாவற்றுக்கும் காசு. அதுவும் டாலரில்.

உலக வங்கியிடம் கடன் கேட்டுப் போனார்கள். 1993 ஏப்ரலில் வங்கி மறுத்து எழுதியது. இத்தனை பெரிய நிலையத்தின் மின்சாரம் இந்த மாநிலத்துக்கு இப்போது தேவையில்லை. இதை வாங்கினால் மலிவான நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலை கூடிய மின்சாரத்தை எடுக்க வேண்டி வரும். பொருளாதார ரீதியில் இது தாங்காது என்பது அதன் சாரம். மகாராஷ்டிரத்தின் தட்டுப்பாடு மாலை நேரத்துத் தட்டுப்பாடு. ராத்திரி பதினொரு மணிக்குமேல் தேவை விழுந்துவிடும். தாபோலோ இரவும் பகலும் ஓடினால்தான் கட்டுப்படியாகும் நிலையம்.

மறுப்பு வந்த பிறகும் காகிதம் நகர்ந்துகொண்டே இருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் ஒப்புதல் 1993 நவம்பரில் வந்தது. டிசம்பர் 8 அன்று மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதற் கட்டம் 695 மெகாவாட், இரண்டாம் கட்டத்தோடு சேர்த்து 2,015. இருபது வருஷத்துக்கு வாரியம் வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கொடுக்க வேண்டும். தகராறு வந்தால் லண்டனில் மத்தியஸ்தம். வாரியம் கொடுக்கத் தவறினால் மாநில அரசு கொடுக்கும் என்று 1994 பிப்ரவரியில் உத்தரவாதம். மாநிலமும் தவறினால் மத்திய அரசு கொடுக்கும் என்று செப்டம்பரில் எதிர் உத்தரவாதம். மூன்று பூட்டும் ஒரே பக்கத்துக் கதவுக்கு. வீட்டில் மீட்டர் வைத்திருப்பவருக்கு ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை.

அந்த ஒப்பந்தம் அப்போது பொதுமக்கள் கைக்கு எட்டவில்லை. கணக்கெழுதுகிற எனக்கு இதுதான் முதலில் உறுத்தியது. நாளைக்கு நான் கட்டப்போகிற பணத்தின் கணக்கு, நான் பார்க்கக் கூடாத கணக்கா?

அதே கேள்வியோடு சிலர் வேலையில் இறங்கியிருந்தார்கள். புனேயில் கிரீஷ் சந்த் முதலான இளம் பொறியாளர்கள் ‘பிரயாஸ்’ என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் எண்களைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்து எழுதினார்கள். அபய் மேத்தா என்பவர் வழக்குத் தொடுத்தார், பின்னர் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அஞ்சன்வேல், வேல்தூர், ஆரேகாவ் கிராமங்களில் மீனவர்களும் மாந்தோப்புக்காரர்களும் நிலத்தையும் நீரையும் முன்வைத்துப் போராடினார்கள். தடியடியும் கைதும் நடந்தன. மனித உரிமைக் கண்காணிப்பகம் 1999 ஜனவரியில் அதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. திட்டத்தைப் பற்றி இந்தியர்களுக்குப் புரியவைக்க 2 கோடி டாலர் செலவழித்ததாக என்ரான் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். புனேக்காரர்கள் புரியவைத்தது ஜெராக்ஸ் செலவில்.

1995 தேர்தலில் ஆட்சி மாறியது. மனோகர் ஜோஷி முதலமைச்சரானார். கோபிநாத் முண்டே தலைமையில் குழு போட்டு, ஆகஸ்ட் 3 அன்று திட்டத்தை ரத்துசெய்தார்கள். எங்கள் கட்டிடத்தில்கூட இனிப்பு கொடுத்தார் ஒருவர். நவம்பரில் பேச்சுவார்த்தை, 1996 ஜனவரியில் புது நிபந்தனைகளுக்கு அரசின் ஒப்புதல். அளவு குறையவில்லை, கூடியது: 740-ம் 1,444-ம் சேர்த்து 2,184 மெகாவாட். யூனிட்டுக்கு 2 ரூபாய் 40 காசாக இருந்தது 1 ரூபாய் 86 காசாகக் குறைந்தது என்று அறிவித்தார்கள். வாயுவாக்கும் ஆலையின் செலவைத் தனியே பிரித்து வைத்ததும் அந்தக் குறைப்பில் ஒரு பங்கு. 1996 மே மாதம் பதின்மூன்றே நாள் இருந்த மத்திய அரசு, பதவி விலகுமுன் புது ஒப்பந்தத்துக்கான எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டுப் போனது. தொழிற்சங்கத்தாரும் அபய் மேத்தாவும் கொண்டுபோன வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வருஷக் கடைசியில் தள்ளுபடி செய்தது. எந்தக் கட்சி வந்தாலும் காகிதம் ஒரே திசையில்தான் போனது. என் மனத்தை மிகவும் சோர்வடையச் செய்தது அதுதான்.

1999 மே மாதம் முதற் கட்டம் ஓடத் தொடங்கியது. திரவ வாயு வரும் துறை இன்னும் தயாராகவில்லை; அதுவரை கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தாவை எரித்தார்கள். கச்சா எண்ணெய் விலை ஏறினால் நாப்தாவும் ஏறும். அந்த நேரம் பார்த்து ஏறியது. ரூபாய் இறங்கியது. 2000-ல் ஒரு கட்டத்தில் தாபோல் மின்சாரம் யூனிட் 7 ரூபாய் 80 காசு வரை போனது.

எப்படி என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னேன். கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் ஆயிரம் இலை என்று பேசியாகிவிட்டது. பந்திக்கு வந்தது முந்நூறு பேர். சமையல்காரர் கூலியில் குறைப்பாரா? மண்டப வாடகை குறையுமா? முந்நூறு இலைமேல் ஆயிரம் இலைச் செலவும் ஏறும். தாபோலின் நிலைக் கட்டணம் மாதம் சுமார் 95 கோடி ரூபாய். 740 மெகாவாட் முப்பது நாளும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் 53 கோடி யூனிட்டுக்குச் சற்று அதிகம். அதில் 90 விழுக்காடு எடுத்தால் யூனிட்டுக்கு நிலைக் கட்டணம் 2 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குதான் எடுத்தால் 5 ரூபாய் 35 காசு. நாப்தாவின் விலை இதற்கு மேல். மின்சார பில்லின் முதுகில் போட்ட அந்தக் கணக்கை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்திருந்தது. 1998-ல் நாடாளுமன்றம் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தை இயற்றியது. விலையை அரசோ வாரியமோ தனியாக முடிவு செய்யக் கூடாது. தனி ஆணையம், மனு, விசாரணை, காரணம் சொல்லி எழுதிய ஆணை என்று முறை வந்தது. தமிழ்நாட்டில் 1999 மார்ச்சிலும் மகாராஷ்டிரத்தில் ஆகஸ்டிலும் ஆணையம் அமைந்தது. மகாராஷ்டிர மின்வாரியம் முதல்முறையாகக் கட்டணத்துக்காகக் கைகட்டி மனுப் போட வேண்டி வந்தது. அறிவிப்பு பேப்பரில் வந்தது. நான் வெட்டி வைத்த முதல் துண்டு அதுதான்.

“நீ போயி என்ன கேக்கப் போற?” என்றார் வீட்டுக்காரர். கிண்டலாக அல்ல, கவலையாகத்தான். எங்கள் பேட்டையில் இருந்த ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர் ஒருவர் வழி சொன்னார். கருத்தை எழுத வேண்டும். எழுதியது உண்மை என்று பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். பிரதிகள் எடுக்க வேண்டும். ஒன்றை வாரியத்துக்கும் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைக்க வேண்டும். ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது கை நடுங்கியது. ஆயிரம் பேரேடு எழுதிய கைதான். ஆனால் அதுவரை எழுதியதெல்லாம் முதலாளிக்காக.

2000 தொடக்கத்தில் மும்பையில் நடந்த விசாரணைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். வாசலில் ஒரு பதிவேடு, பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே நீள மேசைக்குப் பின்னால் ஆணையத்தார். ஒரு பக்கம் வாரியத்து அதிகாரிகள், முன்னால் கட்டுக் கட்டாகக் கோப்புகள். இன்னொரு பக்கம் நாங்கள். விசைத்தறிக்காரர்கள், உருக்காலைக்காரர்கள், நுகர்வோர் சங்கத்தார், கரும்பு விவசாயி ஒருவர். என் முறை வந்தபோது தப்பும் தவறுமான மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நிலையத்திலிருந்து மின்சாரம் எடுக்காத நேரத்துக்கும் கொடுக்கிற பணம் இந்த மனுவில் எந்தப் பக்கத்தில் தனியாகக் காட்டியிருக்கிறது? மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு வாரியத்தார் பக்கம் திரும்பி, எழுத்தில் பதில் தாருங்கள் என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுச் சீட்டைக் கட்டுகிற ஒரு பெண்ணுக்கு வாரியம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். ரயிலில் திரும்பி வரும்போது தாணே வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை.

2000 ஏப்ரலில் ஆணையத்தின் முதல் ஆணை வந்தது. விவசாயப் பம்புகள் பெயரில் எழுதிவைத்த மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு உண்மையில் கம்பியில் போன இழப்பும் திருட்டும்தான் என்பது அந்த விசாரணைகளில் வெளிச்சத்துக்கு வந்தது. மலிவான மின்சாரத்தை முதலில் எடு, விலை கூடியதைக் கடைசியில் எடு என்ற வரிசையை ஆணையம் வலியுறுத்தியது. அந்த வரிசையில் தாபோல் கடைசிக்குப் போனது. உலக வங்கி 1993-ல் எழுதியதும், பிரயாஸ் 1995-ல் எழுதியதும் அச்சு அசலாக நடந்தது.

அதன்பிறகு எல்லாம் சரிவுதான். 2000 கடைசியில் வாரியத்தால் பில் கட்ட முடியவில்லை. 2001 ஜனவரி 28 அன்று குளிர்ந்த நிலையிலிருந்து மூன்று மணி நேரத்தில் முழு அளவுக்கு ஏறவில்லை என்று காரணம் காட்டி வாரியம் 401 கோடி ரூபாய் அபராதம் கேட்டது. பிப்ரவரியில் என்ரான் மத்திய அரசின் எதிர் உத்தரவாதத்தைக் கையில் எடுத்தது. மாதவ் கோட்போலே தலைமையில் மாநில அரசு அமைத்த குழு ஏப்ரலில் அறிக்கை தந்தது. ஒரு கட்சியை மட்டும் அது குற்றம் சொல்லவில்லை. மத்தியிலும் மாநிலத்திலும் அடுத்தடுத்து வந்த அரசுகள், ஒப்புதல் தர வேண்டிய அமைப்புகள் எல்லாமே தத்தம் வேலையைச் செய்யத் தவறியதை எடுத்துச் சொன்னது. மே மாதக் கடைசியில் நிலையம் நின்றது. இரண்டாம் கட்டம் பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருந்தது. 2001 டிசம்பர் 2 அன்று என்ரானே அமெரிக்காவில் திவால் மனுப் போட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிறுவனம் போய்விட்டது. அஞ்சன்வேல் மேட்டில் இரும்பும், இந்திய வங்கிகளின் பேரேட்டில் கடனும் நின்றன.

2005-ல் தேசிய அனல்மின் கழகமும் கெயிலும் வங்கிகளும் சேர்ந்து ரத்னகிரி எரிவாயு மின் நிறுவனத்தை அமைத்தன. 2006-ல் மறுபடி ஓடியது. கிருஷ்ணா கோதாவரிப் படுகை வாயு கொஞ்ச காலம் வந்தது. அந்தக் கிணறுகள் எதிர்பார்த்தபடி தரவில்லை. 2013-ல் வாயு நின்றது, நிலையமும் நின்றது.

2014 ஜனவரியில் அங்கே போனேன். வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மகன் கூட்டிக்கொண்டு போனான். தாபோலில் பழைய மசூதியைப் பார்த்துவிட்டு, துறையில் காரோடு படகில் ஏறினோம். எதிர்க்கரையில் தோபாவே. படகு நடு நதிக்கு வந்ததும் கடல் பக்கத்து மேட்டில் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. எரிவாயு நிலையத்தில் ஓடும்போதுகூடக் கரும்புகை வராது. ஆனால் புகைபோக்கியின் தலையில் காற்று வெப்பத்தில் நெளியும் என்று மகன் சொன்னான். அன்று ஆகாயம் நெளியவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணியிடம் நிலையம் ஓடுகிறதா என்று கேட்டேன். “கரெண்ட் எங்களுக்கு வேற எங்கிருந்தோ வருது” என்று மராத்தியில் சொல்லிவிட்டு, கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கைச் சரிசெய்தார். படகில் டிக்கெட் வாங்கியதிலிருந்து இறங்கும்வரை நான் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கட்டிய சீட்டுகளில் ஒரு பங்கு அங்கே நிற்கிறது என்று தோன்றியது.

திரவ வாயு இறக்கும் துறையில் அலைத்தடுப்புச் சுவர் முடியாததால் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் கப்பல் வர முடியவில்லை. நிலையத்தில் ஒரு பகுதி 2015 நவம்பரிலிருந்து ரயில்வேக்காக ஓடியது, சுமார் 500 மெகாவாட். 2,184 என்று கையெழுத்தானதற்கு அது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இதெல்லாம் மகாராஷ்டிரத்தோடு நிற்கிற கதையல்ல. தாபோலோடு எதிர் உத்தரவாதப் பட்டியலில் இருந்த எட்டுத் திட்டங்களில் நெய்வேலி ஜீரோ யூனிட்டும் ஒன்று. நான் பிறந்த மயிலாடுதுறைப் பக்கம், திருக்கடையூருக்கு அருகில் பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 330 மெகாவாட் தனியார் நிலையம் 2001-ல் ஓடத் தொடங்கியது. நாப்தாவிலும் வாயுவிலும் ஓடுகிற மாதிரி அமைத்த நிலையம். ஊருக்குப் போய்த் திருக்கடையூர்க் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அதே தொண்ணூறுகளின் கொள்கையில் பிறந்த குழந்தைதானே என்று நினைத்துக்கொள்வேன்.

2003-ல் புது மின்சாரச் சட்டம் வந்தது. 1910, 1948, 1998 சட்டங்கள் மூன்றும் அதில் கரைந்தன. நிலையம் கட்ட இப்போது உரிமம் வேண்டாம். யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் அந்த மின்சாரத்தை மக்கள் தலையில் வைக்க வேண்டுமானால், வாங்குகிற நிறுவனம் மாநில ஆணையத்திடம் வர வேண்டும். எந்த நிலையத்திடம், என்ன விலைக்கு, எத்தனை வருஷத்துக்கு வாங்குவது என்ற ஒப்பந்தத்தை ஆணையம் பார்க்க வேண்டும். ஒன்று ஆணையமே விலையைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் வெளிப்படையான போட்டி டெண்டரில் விலை வந்திருக்க வேண்டும். கட்டணம் கேட்கிறவர் மனுவைச் சுருக்கி விளம்பரம் செய்ய வேண்டும், மக்கள் சொல்கிற ஆட்சேபத்தைப் பார்த்த பிறகே, 120 நாளுக்குள் ஆணை. நுகர்வோர் தரப்பில் பேச ஆணையமே ஆட்களை நியமிக்கலாம். இவை ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்கு அஞ்சன்வேல் மேடு நினைவுக்கு வரும். போட்டி டெண்டர் என்று படித்தால், சில நாளில் கையெழுத்தான 1992 ஜூன். வாங்குகிற அளவு என்று படித்தால், முந்நூறு பேர் உட்கார்ந்த பந்தி. ஆட்சேபம் என்று படித்தால், வேல்தூர் மீனவர்கள்.

எரிவாயு நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலத்தில் சூரியன் இறங்கும்போது சட்டென்று ஓட்டி எடுக்க அது உதவும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. வேண்டுமா என்பதை யார் முன்னால் கேட்டு முடிவெடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. தேவை எவ்வளவு, எந்த நேரத்துத் தேவை, வாயு எங்கிருந்து, எந்தப் பணத்தில், ஓடாத மாதத்துக்கு யார் கொடுப்பது என்ற ஐந்து கேள்வியும் 1993-லேயே கேட்கக்கூடியவை. உலக வங்கியில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். புனேயில் ஒரு சின்ன அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். சட்டப்படி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படவில்லை. கிரீஷ் சந்த் 2012-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவரும் கூட்டாளிகளும் கேட்கக் கற்றுக்கொடுத்ததை நாம் மறந்தால், 2003 சட்டத்தில் ஆட்சேபத்துக்கு இடம் தருகிற 64-ஆம் பிரிவும் பழைய 29-ஆம் பிரிவைப் போலத்தான் தூங்கும்.

இப்போது எனக்கு ரயிலேறி விசாரணைக்குப் போகிற தெம்பு இல்லை. போன வருஷம் மயிலாடுதுறையிலிருந்து தம்பியின் பேத்தி போன் செய்தாள். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். பேப்பரில் வந்த ஒரு மின்கட்டண அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். “அத்தப்பாட்டி, இதுல நிலைக் கட்டணம்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?” என்றாள். ஆயிரம் இலைக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்ப வராதவங்க இலைக்கு யாரு காசு குடுத்தாங்கன்னு நான் கேக்கலாமா?” என்றாள். கேட்கலாம், எழுதிக் கேள், பிரதி எடுத்து வை, அனுப்பியதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள் என்றேன்.

அவள் எழுதியது ஒரே பக்கம். அனுப்பிய தபால் ரசீதின் படமும் வந்தது. தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டிருந்தாள். அந்த ரசீதை மகனிடம் சொல்லி அச்செடுத்து, பச்சைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.